பெரியப்பாவுக்கு எடுக்காத பாட்டு

1

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வரைபடத்தில் விரல் வைத்தால் விரலுக்கு அடியில் மறைந்துபோகும் ஓர் ஊரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். பால்பவுடர் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மனைவி பிரேமா முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்கள் ஊரான கருங்கல் பக்கத்திலிருந்து வெளிநாடு போன பாதிக் குடும்பங்களின் கதை இதுதான். மனைவிக்கு வேலை கிடைக்கும், கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான்.

இங்கே ஏப்ரல் மாதத்தில் போர் நினைவு நாள் வரும். வந்த முதல் வருடம் வேலையிடத்தில் எல்லோரும் போகிறார்கள் என்று நானும் போனேன். நம் ஊர்க் கணக்கில் பந்தல், மைக் செட், மாலை, நீண்ட பேச்சு, இடையில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்குவது, இதெல்லாம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. விடிவதற்கு முன்பு, கடும் குளிரில், ஒரு கல்தூணைச் சுற்றி ஊரே நிற்கிறது. தூணில் பெயர்கள். ஒரே வீட்டுப் பெயரில் மூன்று பேர்கூட உண்டு. நூறு வருடத்துக்கு முன்பு கப்பலேறிப் போய் எங்கோ மண்ணாகிப்போன பையன்கள். அவர்களைப் பார்த்த ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.

ஒருவர் முன்னால் வந்து பியூகிள் ஊதினார். சுருதி சேர்க்க ஆளில்லை, தாளத்துக்கு ஆளில்லை. ஒரே ஒரு கொம்பு. அந்த ஓசை மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே சற்று நின்று, பிறகு மெல்ல இறங்கியது. முடிந்ததும் இரண்டு நிமிடம் மௌனம். கைக்குழந்தைகள் இருந்தன, நாய்கள் இருந்தன. ஒரு சத்தம் கிடையாது. ஐந்து பேர் கூடினால் ஆறு பேர் பேசுகிற ஊரிலிருந்து வந்தவன் நான். ஒரு கூட்டம் இப்படிச் சேர்ந்து அமைதியாக இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். பிறகு மீண்டும் ஒருமுறை பியூகிள், ஒரு பாட்டு, எல்லோருக்கும் சூடாகக் காப்பி.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. சொந்தக்காரர் பெயர் எதுவும் அந்தத் தூணில் இல்லாதவன் ஏன் இத்தனை பக்தியோடு போகிறான் என்று பிரேமா கேலி செய்வாள்.

2

போன வருடம் அப்பாவை அழைத்திருந்தேன். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கருங்கல், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று முப்பது வருடம் நின்றுகொண்டே பயணம் செய்தவர். விசாவுக்கு அவர் சார்பில் நான்தான் இணையத்தில் விண்ணப்பம் நிரப்பினேன். அதில் உடன்பிறந்தவர்கள் எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும் கேட்டிருந்தது. இறந்திருந்தால் இறந்த தேதி வேண்டும்.

"அண்ணனுக்க பேரையும் போடு" என்றார் அப்பா தொலைபேசியில்.

"போட்டாச்சு. செத்த தேதி கேக்கான் அப்பா."

அப்பா சொன்னார். "தந்தி வந்த தேதிதான் நமக்குத் தெரியும். அது தந்திக்க தேதி. அவனுக்க தேதி இல்ல. அந்த இடத்த சும்மா விட்டுரு."

சும்மா விட விண்ணப்பம் சம்மதிக்கவில்லை. காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் கோபித்தது. தந்தி வந்த தேதியைப் போட்டு அனுப்பிவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

3

அப்பாவின் அண்ணன் பெயர் ஞானதாஸ். எனக்குப் பெரியப்பா. நான் பார்த்ததில்லை. வீட்டில் மாட்டியிருந்த படத்தில் இருபத்தொரு வயதுப் பையனாகவே இருக்கிறார். இப்போது எனக்கு அவரைவிட இரண்டு மடங்கு வயது.

அவர் கதையைச் சொல்வதற்கு முன் எங்கள் கிறிஸ்தவ சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாராவது இறந்தால் வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் பேண்ட் செட் முன்னால் வாசித்துக்கொண்டு போகும். தோட்டத்து வாசலில் பேண்ட் நின்றுவிடும். கருவிகளுக்கு அதற்கு மேல் அனுமதி இல்லை. நின்ற அந்த நொடியில் இறந்தவரின் வீட்டிலிருந்து ஒருவர் அடக்கப் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்த பிறகுதான் சவப்பெட்டி உள்ளே போகும். பேண்ட் நின்று பாட்டு எழும்பாமல் கிடக்கிற நேரத்தைப் போல வீட்டுக்கு வெட்கக்கேடு வேறில்லை. எங்கள் பக்கத்தில் சண்டை முற்றினால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றிச் சொல்வது இதைத்தான்: "ஒனக்குப் பாட்டெடுக்க ஆளில்லாமப் போவும்!"

அந்தப் பாட்டின் வரிகளை இங்கே எழுத மாட்டேன். சாவு இல்லாத இடத்தில் அதை வாயில் எடுக்கக் கூடாது என்று அடித்து வளர்த்திருக்கிறார்கள். நாற்பத்து நான்கு வயதிலும் பயம் போகவில்லை.

என் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, சபையின் பாடகர் குழுவுக்குத் தலைவர். அழுது தொண்டை கட்டிய வீடுகளுக்கும், ராகம் வராத வீடுகளுக்கும் அவர்தான் பாட்டெடுப்பார். ஊரில் பாதிப் பேரை அவர் குரல்தான் உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறது.

பட்டாளத்தில் இருந்த பெரியப்பா எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் இறந்துபோனார். டிசம்பர் மாதம். சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் தந்தி வந்தது. அப்பாவுக்கு அப்போது பதினான்கு வயது. செய்தி கேட்டு பேண்ட் செட்காரர்கள் அழைக்காமலே வந்து முற்றத்தில் நின்று வாசித்தார்களாம். வாசித்து நிறுத்தினார்கள். ஊர் முழுவதும் தாத்தாவின் முகத்தைப் பார்த்தது. அவர் சட்டைப் பையில் தந்தியோடு படி இறங்கி வந்து, "ஒடம்பு வரட்டு. பொறவு பாடலாம்" என்றார். அவ்வளவுதான். எல்லோருக்கும் பால் சேர்க்காத கட்டன் சாயா கொடுத்து அனுப்பிவிட்டார்.

உடம்பு வரவில்லை. சில மாதம் கழித்து ஓர் இரும்புப் பெட்டி வந்தது. துணிமணி, வேதப்புத்தகம், ஒரு சீப்பு. தாத்தா அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் உயிரோடு இருந்தார். ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் பாட்டெடுத்தார். சொந்த மகனுக்கு எடுக்கவில்லை. அவர் இறந்தபோது தோட்டத்து வாசலில் அப்பாதான் எடுத்தார். எனக்குப் பத்து வயது, நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கே அண்ணனுக்கும் சேர்த்துப் பாடியிருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"அப்பன் சொன்னத அப்பனுக்க குழிக்கரையில வச்சா மீற?" என்றார் அப்பா.

4

ஏப்ரல் விடியற்காலை. குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் என் கோட்டு. அப்பா உருண்டையாக நடந்து வந்தார். என் மகள் ஷெரின் முன்வரிசையில் பள்ளிப் பாடகர் குழுவோடு நின்றாள். கைக்குழந்தையாக இந்த ஊருக்கு வந்தவள், இப்போது பதினைந்து. தமிழ் புரியும். பேசச் சொன்னால் ஆங்கிலத்தைத் தமிழ் மாதிரி இழுத்துப் பேசுவாள். நம் பாட்டுகள் எல்லாம் ஏன் இத்தனை மெதுவாக இருக்கின்றன என்று கேட்பாள்.

"பியூகிள் ஊதுவாங்க, பொறவு கொஞ்ச நேரம் நிப்பாங்க" என்று காரில் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அப்படித்தான் சொன்னேன் என்று நினைவு. இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பியூகிள் எழும்பியது. அப்பா குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஓசை உயர உயர அவரும் நிமிர்ந்தார். அது நின்றது. எனக்கு அது வருடம்தோறும் காத்திருந்து பெறுகிற மௌனம். அப்பாவுக்கோ தோட்டத்து வாசலில் பேண்ட் நின்றுவிட்டது. அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் காதருகே குனிந்து, "ஆளில்ல போல மக்கா, பாவம்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் எடுத்துவிட்டார்.

முப்பது வருடம் நெரிசலுக்கு மேலே ஊர்ப் பெயர்களைக் கூவிய குரல். அறுபத்தேழு வயதிலும் நடுங்கவில்லை. முதல் வரி அந்தக் குளிரில் தூணைத் தாண்டிப் போனது. என்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டுக் கண் கலங்கியிருப்பார்கள். எனக்கு வெட்கம்தான் வந்தது. வெள்ளைக்காரர்கள் யாரும் திரும்பவில்லை. அவர்கள் திரும்ப மாட்டார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு தலை திரும்பியது. ஷெரின்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அப்பாவின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தேன். "நிறுத்துங்க அப்பா."

இரண்டாவது வரியில் இருந்தார். சொல்லின் பாதியில் நிறுத்தினார். வேறு ஊருக்குப் போகிற வண்டியில் ஏறிவிட்ட பயணியைப் போல என்னைப் பார்த்தார். மீதி மௌனம் முடிகிற வழியாக இல்லை.

எல்லாம் முடிந்தபின் நெஞ்சில் பதக்கங்கள் குத்திய முதியவர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் கையை அசைத்து அதெல்லாம் வேண்டாம் என்றார். அப்பாவைப் பார்த்து, அந்தப் பாட்டு யாருக்காக என்று கேட்டார்.

"யாருக்காகவும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம், அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அப்பாவுக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியும். அவர் குல்லாவை மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

5

அன்று மாலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஷெரின் வந்தாள். "அப்பா, தாத்தா ஏன் பாதியில் நிப்பாட்டினார்?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். நீ திரும்பிப் பாத்தியே, உனக்கு அவமானமா இருக்குமேன்னு."

"நான் கேக்கத்தான் திரும்பினேன்" என்றாள். நிகழ்ச்சியில் அதுவும் ஒரு பகுதி, யாரோ வெளியூரிலிருந்து பாட வந்திருக்கிறார் என்று ஒரு நொடி நினைத்தாளாம். தாத்தா என்று தெரிந்ததும் பக்கத்தில் நின்ற தோழியிடம் சொல்லத் துடித்தாளாம்.

குழாயை மூடினேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தந்தி, இரும்புப் பெட்டி, தாத்தாவின் அப்பா சொன்ன வார்த்தை, முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டே கேள்விதான் கேட்டாள். "ஐம்பது வருஷமா அவருக்கு யாருமே பாடலையா? இன்னைக்குப் பாடினப்போ நீங்க நிறுத்திட்டீங்களா?"

கேட்ட விதத்தில் கோபம் இல்லை. சரிபார்க்கிறாள், அவ்வளவுதான். நான் ஆம் என்று தலையாட்டினேன்.

அப்பா முன்னறையில் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துதான் பார்த்தாரா தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டிசம்பரில் எல்லோரும் ஊருக்குப் போவோம், பெரியப்பாவுக்கு முறையாகப் பாட்டெடுத்துவிடலாம் என்றேன்.

"ஆரு எடுக்க? நீயா? ஒனக்க ராகத்தக் கேட்டா செத்தவன் எழும்பி ஓடுவான்" என்றார். காலையிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "சர்ச்சில கேட்டுப் பாப்போம். ஒடம்பு இனி வராதுல்லா."

6

டிசம்பரில் ஊர் நட்சத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம், மின்சார நட்சத்திரம். இறங்கிய நான்காம் நாள் காலையில் அப்பாவும் நானும் ஷெரினும் சபைச் செயலாளரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர். எங்களுக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, அடக்கப் பதிவேட்டைத் திறந்தார்.

"பேரு சொல்லுங்க. செரி. தேதி?"

அப்பா கையை விரித்தார்.

"குழி நம்பர்?"

"குழி இல்ல" என்றார் அப்பா.

செயலாளர் பேனாவை மூடினார். "அண்ணே, வருத்தப்படாதீங்க. தேதியும் குழி நம்பரும் இல்லாம அடக்க ஆராதனை வைக்க வழியில்ல. ஞாயித்துக்கிழமை ஒரு நினைவு ஜெபம் வைக்கலாம். பேண்ட் செட்டும் இப்பம் கிடைக்காது, எல்லாவனும் கேரல் சுத்தப் போயிருக்கான்."

நான் வாதாட வாயெடுத்தேன். நியூசிலாந்து விண்ணப்பத்துக்குக்கூடப் பொய்த் தேதி போட்டு ஏமாற்றியவன் அல்லவா, இங்கேயும் ஒரு வழி இருக்கும் என்று நினைத்தேன். அப்பா கையமர்த்தினார். "செரி தம்பி. நீ ஒனக்க வேலையப் பாரு" என்று எழுந்தார்.

வீட்டுப் பக்கம் போவார் என்று நினைத்தேன். அவர் வலது பக்கம் திரும்பினார். கல்லறைத் தோட்டம் அங்கேதான், பேருந்து போகிற சாலையின் ஓரத்தில். வாசலில் போய் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். காலை பத்து மணி. எதிரே தேநீர்க் கடை, முன்னும் பின்னும் வண்டிகள். பேண்ட் இல்லை, போதகர் இல்லை, பெட்டி இல்லை. என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஐந்து சரணம் உள்ள பாட்டு. நடுச்சாலையில் தனி ஆளாக எப்படிப் பாடி முடிப்பார்?

அப்பா எடுத்தார்.

முதல் சரணம் அவரும் நானும் மட்டும். நான் பாடியதைப் பாட்டு என்று சொல்வது பாவம். ஷெரினுக்கு வார்த்தை தெரியாது. தாத்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் சரணம் தொடங்கும்போது பின்னால் ஒரு பைக் நின்றது. பின்சீட்டில் விற்பனைக்குக் கட்டிய காகித நட்சத்திரங்கள். ஓட்டி வந்தவன் இஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டான். எனக்கு அவனைத் தெரியாது. தேநீர்க் கடையிலிருந்து நான்கைந்து பேர் தம்ளரை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார்கள். கடைக்காரர் கிறிஸ்தவர் அல்ல, அய்யாவழிக்காரர், தலைப்பாகையும் நாமமுமாக. அவர் பாடவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கைகட்டி நின்றார். குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் ஒருவர் தலையிலிருந்த சருவப் பாத்திரத்தை இறக்கி மதில் மேல் வைத்தார். அவர் கத்தோலிக்கர். இந்தப் பாட்டு அவர்கள் கோவில் பாட்டு அல்ல. எத்தனை வருடமாக இந்தத் தெருக்களில் மீன் விற்றுக் கேட்டாரோ, ஒரு சொல் பிசகாமல் பாடினார். ஒரு டிப்பர் லாரி ஓரம் கட்டியது.

மூன்றாம் சரணத்தில் சபைச் செயலாளர் ஓடிவந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உரத்த குரலில் சேர்ந்துகொண்டார்.

யாரும் யாரையும் அழைக்கவில்லை. யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் கண்ணும் சவப்பெட்டியைத் தேடவில்லை. இந்தப் பாட்டு காதில் விழுந்தால் கடந்து போகக் கூடாது, முடியும்வரை நிற்க வேண்டும். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போய் இதற்காக நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் கால் வலித்தது மட்டும்தான் தெரிந்தது. சிறு வயது முதல் நான்கு குரலில் பாடிப் பழகிய ஊர் என்பதால், அவரவர் குரல் தானாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. முப்பது பேர் இருக்கும். முந்நூறு பேர் பாடுகிற மாதிரிக் கேட்டது.

ஐந்தாம் சரணத்தில் அப்பாவின் தொண்டை அடைத்துவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. பாட்டு நிற்கவில்லை. அவரைத் தாண்டி அது போய்க்கொண்டே இருந்தது. முடிவு வரைக்கும் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முடிந்த பிறகுதான் மீன்காரப் பெண் சுற்றிலும் பார்த்தார். "பெட்டி எங்க?"

"பெட்டி இல்ல" என்றார் அப்பா.

"பின்ன ஆருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. எழுபத்தொண்ணு சண்டையில போனான். ஒடம்பு வரல்ல."

சாலையில் ஒரு பேருந்து போனது. பிறகு அந்தப் பெண் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "செரி, பாடியாச்சு. மண்ணு எங்க போட?" என்று கேட்டார்.

அதை நாங்கள் மூவருமே யோசித்திருக்கவில்லை. பாட்டுக்கு நின்றவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போடாமல் போவது கிடையாது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம். தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தரை வெறுமையாகக் கிடந்தது. அப்பா அதைக் காட்டினார்.

பைக்கில் வந்தவன் போட்டான். தேநீர்க் கடைக்காரர் போட்டார். லாரி ஓட்டுநர் போட்டார். செயலாளர் போட்டுவிட்டு, பதிவேட்டைப் பற்றி எதுவும் பேசாமல் கையைத் தட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சிவந்த மண் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்தது. மீன்காரப் பெண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஷெரின் அவர் எதிரே போய் நின்றாள். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிக் கேட்டாள்.

"உங்களுக்கு எங்க பெரிய தாத்தாவைத் தெரியுமா?"

"தெரியாது மக்கா. பாட்டு கேட்டுது, நின்னேன்" என்றார் அவர். ஐஸ் உருகுகிறது என்று சொல்லிக்கொண்டே வேகமாக வாசலுக்குப் போனார்.

ஷெரின் போட்டாள். நான் போட்டேன். கடைசியாக அப்பா குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். உடனே போடவில்லை. கையை மூடி, நெஞ்சோடு வைத்து, சற்று நேரம் நின்றார். அப்புறம், பக்கத்து அறையில் படுத்திருப்பவரை எழுப்புகிற குரலில், "அண்ணே, பாடியாச்சு கேட்டியா" என்று சொல்லிவிட்டுக் கையைத் திறந்தார்.